பச்சிளங்குழந்தையின் தலைக்குள் ஒளி போகும் வழி

இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் பொத்தினால் விரல்கள் சிவந்து ஒளிர்கின்றன. ஆனால் எலும்பின் நிழல் தெரிவதில்லை. ஒளி ஊடுருவித்தான் வருகிறது, ஆனால் தசையில் ஓயாமல் சிதறுவதால் அது வந்த வழி அழிந்துவிடுகிறது.

குறைமாதக் குழந்தையின் மூளைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கிறதா என்று ஒளியால் அறிய முயல்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை உடல் அதிகம் உட்கவர்வதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜனை ஏற்றதும் ஏற்காததும் அதை வெவ்வேறு அளவில் உட்கவர்வதால், இரண்டு அலைநீளங்களில் அளந்தால் இரண்டையும் பிரித்தறியலாம். அறிவியலாளர் ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977இல் காட்டிய வழி இது. ஆனால் ஒளி புகும் இடமும் வெளிவரும் இடமும் 4 செ.மீ. தள்ளியிருந்தால், அது உள்ளே சுற்றியலையும் தொலைவு சராசரியாக அதைப்போல் 5 மடங்கு, அதாவது சுமார் 20 செ.மீ. அந்த அலைச்சலைக் கணக்கிட்டால்தான் அளவீட்டுக்குப் பொருள் உண்டு.

நம்பகமான கணக்கு மான்டி கார்லோ முறை. ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) அடுத்த சிதறல்வரை எவ்வளவு தூரம் போகும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தற்செயல் எண்களால் தீர்மானித்து, கோடிக்கணக்கான பயணங்களைக் கணினியில் நடத்திப் பார்க்கிறார்கள். இதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே ஒளியும் வெப்பத்தைப்போல் பொருளில் பரவுகிறது என்று கொண்டு, விரவல் சமன்பாட்டால் விரைவாகக் கணக்கிடுவதும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சைமன் அரிட்ஜ் குழுவினர் 1990களில் இதற்கான மென்பொருளை உருவாக்கினர்.

இந்தச் சுருக்குவழி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மூளையைச் சூழ்ந்துள்ள மூளைத் தண்டுவடத் திரவம் தண்ணீர்போல் தெளிவானது. அதில் ஒளி சிதறாமல் ஓடிவிடுவதால், ‘எங்கும் மிகுதியாகச் சிதறும்’ என்ற அடிப்படை அங்கே பொய்த்துப்போகிறது. என் கணிப்பில் இத்துறையின் உண்மையான தலைவலி மண்டையோடு அன்று, அந்த மெல்லிய நீர்ப்படலமே. மண்டையோடு குழந்தைக்குச் சில மில்லிமீட்டர் தடிமன்தான்.

படம் கிடைப்பது இதற்குப் பின்புதான். கணினியிலுள்ள மாதிரித் தலையின் உட்கவர்திறனைச் சிறிது சிறிதாக மாற்றி, கணக்கு அளவீட்டோடு ஒத்துவரும்வரை திருத்துகிறார்கள். பல உள்ளமைப்புகள் ஏறக்குறைய ஒரே அளவீட்டைத் தரக்கூடும் என்பதால், மாதிரி உண்மையான தலையை ஒத்திருக்க வேண்டும்; பெரியவர்களின் தலையைச் சுருக்கி வைத்தால் போதாது, குழந்தையின் வடிவமே வேண்டும்.

அதே லண்டன் கல்லூரியில், ஒளியை 32 தடங்களில் அளக்கும் கருவியால் குறைமாதக் குழந்தையின் மூளையை முப்பரிமாணத்தில் படமாக்கிய முயற்சி 2002இல் வெளியானது. குழந்தைக்கு அணிவிக்கும் தலைக்கவசத்தில், ஒளியைக் கொண்டுசெல்லும் ஒவ்வோர் ஒளியிழையும் தோலில் ஒரே மாதிரி பதிவதில்லை. அதனால் வந்துசேரும் ஒளியின் அளவு ஏமாற்றும். ஆனால் ஃபோட்டான்கள் வந்துசேரச் சராசரியாக எத்தனை பிகோவினாடி (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆயின என்பது அந்தக் குறையால் அவ்வளவாக மாறுவதில்லை.