கட்டம் போட்டுப் பிரித்த மனிதர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளரும் தமிழ்ப் பிள்ளையிடம் மனிதரில் எத்தனை இனம் என்று கேட்டால், நான்கு என்று பட்டென்று பதில் வரும்: கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர், வெள்ளையர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்படித்தானே கட்டம் இருக்கிறது! ('மற்றவர்' கட்டம் யாருக்கும் நினைவுக்கு வராது.) தப்பு என்று பாடம் நடத்துவதைவிட, அவர்களையே பிரித்துப் பார்க்கச் சொல்லலாம்.

முதலில் தோல் நிறம். கறுத்த தமிழர், தென்னாப்பிரிக்காவின் ஜூலு, பாப்புவா நியூகினிக்காரர் மூவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மரபணுவிலோ நெருங்கிய உறவில்லை. வெயில் கொளுத்தும் ஊர்களில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடினால், ரத்தத்தில் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமின் எளிதில் சிதையாது. வெயில் மங்கிய ஊர்களில் மெலனின் குறைந்தால்தான் தோலில் வைட்டமின் டி போதுமான அளவு உருவாகும். நிறம் வெயிலின் கணக்கு, அவ்வளவுதான்.

சரி, ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் அரிவாள் செல் மரபணுவை எடுப்போம். இதன் ஒரு பிரதி இருந்தால் கடும் மலேரியாவைத் தாங்கலாம்; இரண்டும் சேர்ந்தால் நோய். அதனால் மலேரியா இருந்த இடங்களில் இது நிலைத்தது. இருளர் உள்ளிட்ட நீலகிரிப் பழங்குடியினரிடம் இது இருப்பது 1952இல் தெரியவந்தது. நைஜீரியாவில் சாதாரணம், தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடம் மிக அரிது. ஆக, இருளரும் நைஜீரியரும் ஒரு பக்கம், கோசாவும் சுவீடன்காரரும் மறுபக்கம்! ரத்தப் பிரிவை வைத்துப் பிரித்தால் அதுவும் கலைந்துவிடும்.

விவரமான பிள்ளை விடாது: "உமிழ்நீரை அனுப்பினால் பூர்வீகம் சொல்கிறார்களே?" உண்மைதான். ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகளைச் சேர்த்துப் பார்த்தால் முன்னோர் வாழ்ந்த பகுதி ஓரளவு தெரியும். ஆனால் அவை ஊருக்கு ஊர் மெல்ல மாறுபவை. கோடு போட இடமில்லை. மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972இல் கணக்கிட்டார்.

அப்படியென்றால் கோட்டைப் போட்டது யார்? தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் 1950ஆம் ஆண்டு மக்கள் பதிவுச் சட்டம். அது ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின் பெயரில் பதிந்தது. சந்தேகம் வந்தால் முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். கீழே விழுந்தால் வெள்ளையர். வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த சாண்ட்ரா லைங் என்ற சிறுமி 1966இல் 'கலப்பினத்தார்' ஆக்கப்பட்டாள். அந்தச் சட்டம் 1991இல் ஒழிந்தது.

அப்புறம் ஏன் இன்னும் கட்டம்? நிறவெறி ஆட்சியால் இழந்தவர்களுக்குச் சலுகைகள் தந்து ஈடுசெய்ய. 2008இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், தென்னாப்பிரிக்கச் சீனர்களும் அந்தச் சலுகைகளுக்காகக் 'கறுப்பர்' வரையறைக்குள் வருவார்கள் என்று தீர்ப்பளித்தது.