கழிவு என்றால் தள்ளுபடி, டிடக்டிபிள் அதுவல்ல

அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், மருந்துக் கடைச் செலவைப் பார்த்துக்கொள்வது 'பார்ட் டி'. 2003-ல் சட்டமாகி 2006-ல் நடைமுறைக்கு வந்தது. காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டவேண்டிய தொகைக்கு அதில் டிடக்டிபிள் என்று பெயர். இதைத் தமிழில் விளக்க வருகிறவர்கள் 'கழிவுத் தொகை' என்று எழுதிவிடுகிறார்கள். டிடக்ட் என்றால் கழி, எனவே கழிவு. அவ்வளவுதான் யோசனை.

வேர் லத்தீன். விலக்கிக் கொண்டுபோவது என்ற பொருள் கழிப்பது என்றாயிற்று. சரி, யார் எதிலிருந்து கழிக்கிறார்கள்? காப்பீட்டு நிறுவனம், தான் தரவேண்டிய பணத்திலிருந்து. சொல்லே நிறுவனத்தின் கணக்குப் பேரேட்டில் பிறந்தது. மருந்து வாங்குகிறவருக்கு எதுவும் கழிவதில்லை, கட்டவேண்டியதுதான் இருக்கிறது.

தமிழிலோ கழிவு வாங்குகிறவருக்குக் கிடைப்பது. யாழ்ப்பாணத்துக் கடையில் விலைக்கழிவு என்றாலும், சென்னைப் புத்தகக் கடையில் 10 சதவீதக் கழிவு என்றாலும் விலை குறையும் என்றே பொருள். 'கழிவு 615 டாலர் வரை' என்று படிக்கும் பெரியவர் அதைச் சலுகை என்று எடுத்துக்கொண்டால் அவர் மேல் என்ன தப்பு? ஜனவரியில் மருந்துக் கடைக்காரர் முழு விலையையும் கேட்கும்போதுதான் விஷயம் புரியும். 'விலக்குத் தொகை' என்பாரும் உண்டு. வரிவிலக்கு என்று பழகிய காதுக்கு அது 'நீங்கள் கட்டவேண்டாம்' என்றே கேட்கும். நேர் எதிர்ப்பொருள்!

நான் 'முதற்பொறுப்பு' என்பேன். ஆண்டின் தொடக்கத்தில் முதலில் உங்கள் பொறுப்பு, அதற்கு மேல்தான் காப்பீடு. மாதம் 205 டாலர் விலையுள்ள ஒரு மருந்தை வைத்துப் பார்ப்போம். 2026-ன் அடிப்படைத் திட்டத்தில் முதல் மூன்று மாதம் முழு விலை, ஆக 615. முதற்பொறுப்பு தீர்ந்தது. நான்காம் மாதத்திலிருந்து 25 விழுக்காடு, அதாவது 51.25 டாலர். முதற்பொறுப்பைக் குறைத்தோ அறவே இல்லாமலோ தரும் திட்டங்களும் உண்டு. 615 என்பது உச்சம்.

அந்த 25 விழுக்காட்டுக்கு ஆங்கிலத்தில் கோஇன்ஷூரன்ஸ். அதை 'இணைக்காப்பீடு' என்கிறார்கள். இன்னொரு பாலிசி எடுக்கவேண்டும் போலிருக்கிறது! 'விழுக்காட்டுப் பங்கு' என்றால் போதாதா? மருந்துக்கு இத்தனை டாலர் என்று நிலையாக இருக்கும் கோபே, 'நிலைப்பங்கு'. இரண்டிலும் பங்கு நிற்பதால் இரண்டும் நாம் கொடுப்பது என்று தெளிவாகும்.

அப்புறம் 'டோனட் ஓட்டை'. டோனட்டே தெரியாத பாட்டிக்கு அதன் ஓட்டையைக் காட்டி விளக்குகிறார்கள். தொடக்கத்தில், செலவு ஓர் அளவைத் தாண்டியதும் காப்பீடு நின்றுபோய், மேலும் வெகுதூரம் போன பிறகே திரும்ப வந்தது. அந்த இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர். 2022-ல் வந்த சட்டத்தால் 2025-லிருந்து அந்தக் கட்டமே எடுக்கப்பட்டுவிட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் பழைய தாளையே படியெடுப்பதால் ஓட்டை மட்டும் இன்னும் அடைபடவில்லை.

ஓர் ஆண்டில் மருந்துக்கு நாம் கையிலிருந்து கொடுப்பதற்குப் புதிதாக வந்த உச்சவரம்பை 'கைக்காசு வரம்பு' என்று சொல்லலாம். 2025-ல் 2,000 டாலர், 2026-ல் 2,100. அதைத் தொட்டால் அந்த ஆண்டின் மீதி நாளுக்குத் திட்டத்தில் உள்ள மருந்துக்கு நாம் எதுவும் கட்டவேண்டாம். மாதச் சந்தா இந்த வரம்பில் சேராது. திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கொடுக்கும் பணமும் பொதுவாகச் சேராது.