பழைய ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் பெரிய டயர் போடலாமா? மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது

மலைப்பக்கம் பழைய மகிந்திரா ஜீப்போ மாருதி ஜிப்ஸியோ வைத்திருப்பவர்களுக்கு டயர் தேய்ந்ததும் ஓர் ஆசை வரும்: இந்த முறை கொஞ்சம் பெரிசா போட்டால் என்ன? டயர் கடையில் கேட்டால், "தாராளமா போடலாம் சார், ரிம்முல உட்காரும்" என்பார்கள். ரிம்மில் உட்காருவதும் சட்டத்துக்குப் பொருந்துவதும் ஒன்றல்ல. எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்கோ பதிவைப் புதுப்பிக்கவோ ஆர்டிஓ அலுவலகம் போய் நின்ற பிறகு இது தெரியவந்தால், புது டயர் வாங்கிய பணம் மொத்தமும் வீண். அதனால் வாங்கும் முன்பே விதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று, தயாரிப்பாளரின் மூல அளவுகளை மீறி வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், மாற்றிய பம்பர் என்று இருந்தால் ஒவ்வொன்றும் தனிக் கணக்கு.

"என் ஆர்.சி. புத்தகத்தில் டயர் அளவே இல்லையே" என்று சிலர் கேட்பார்கள். சொந்த உபயோக வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் சரக்கு ஏற்றும் பிக்கப்பாகப் பதிவான வண்டி என்றால் கதை வேறு. சட்டத்தின் 58-ஆவது பிரிவின்படி, போக்குவரத்து வாகனங்களின் சான்றிதழில் ஒவ்வொரு சக்கரத்தின் டயர் எண்ணிக்கை, வகை, அளவு எல்லாம் எழுதப்பட வேண்டும். வண்டி எவ்வளவு எடை ஏற்றலாம், ஒவ்வொரு அச்சும் எவ்வளவு தாங்கலாம் என்பதெல்லாம் அந்த டயரை வைத்துத்தான் முடிவாகிறது. டயரின் எண்ணிக்கையோ வகையோ அளவோ மாறி, அதனால் பதிவான எடை பொருந்தாமல் போனால் 52-ஆவது பிரிவு பொருந்தும் என்று சட்டமே டயரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தோட்ட வேலைக்குக் காய்கறி, உரம் ஏற்றும் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

சரி, அப்படியானால் எந்த அளவு பாதுகாப்பானது? 52-ஆவது பிரிவில் "இத்தனை மில்லிமீட்டர் வரை கூட்டலாம்" என்று சலுகை எதுவும் கிடையாது. கடைகளில் டயரின் விட்டம் மூன்று சதவீதம் வரை கூடினால் பரவாயில்லை என்பார்கள். அது தொழிலில் உள்ள வழக்கம், சட்டம் தரும் உரிமை அல்ல. உங்கள் மாடலுக்குக் கம்பெனி குறித்த அளவிலேயே நிற்பதுதான் நான் சொல்லும் வழி. அது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பழைய வண்டியில் ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால் உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள், இல்லையென்றால் கம்பெனி டீலரிடம் உதிரிபாகப் பட்டியலைக் கேளுங்கள். இப்போது வண்டியில் இருக்கும் டயரைப் பார்த்து மட்டும் அளவை முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று கை மாறிய வண்டியில், முன்னால் வைத்திருந்தவர் என்ன போட்டாரோ யாருக்குத் தெரியும்?

ஓர் உதாரணம். ஜிப்ஸி கிங் வண்டிக்கு 205/70 ஆர்15 டயர். இதில் 205 என்பது மில்லிமீட்டரில் அகலம், 70 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். மொத்த விட்டம் சுமார் 668 மி.மீ. வரும். பலர் இதற்குப் பதிலாக 215/75 ஆர்15 போடுகிறார்கள். அதன் விட்டம் சுமார் 703 மி.மீ. ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 63-இல் போகும். அதையும் தாண்டி 235/75 ஆர்15 போட்டால் 66-ஐத் தொடும். சக்கரம் பெரிதானால் கியர் விகிதமும் உயர்ந்துபோகும். ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் எஞ்சின் பிரேக் பிடிப்பும் குறையும், பழைய பிரேக்குக்கு வேலை கூடும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டிலோ லீஃப் ஸ்பிரிங்கிலோ உரசவும் செய்யும்.

ஃபோர் வீல் டிரைவ் என்பதால் இன்னொன்றும் உண்டு, இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. இந்தப் பழைய வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சினின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். முன்னால் ஒரு விட்டம், பின்னால் வேறு விட்டம் என்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். டயர் சீக்கிரம் தேயும், பல்சக்கரங்கள் அடிவாங்கும், ஃபோர் வீல் லீவரை விடுவிக்கவே கஷ்டமாகிவிடும். அதனால் நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, கிட்டத்தட்ட ஒரே தேய்மானமாக இருக்கட்டும். ஸ்டெப்னியும் அதே அளவுதான். பழைய ஜீப்பில் 6.00-16 நைலான் டயர் இருந்தால், அதோடு ரேடியல் வகை டயரை (அளவில் "ஆர்" என்று குறிப்பது இதைத்தான்) கலந்து போடாதீர்கள். மாற்றினால் மொத்தமாக மாற்றுங்கள்.

அளவு சரி என்றாலும் சுமை எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் 96, 100 என்று ஓர் எண் இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. கம்பெனி குறித்ததைவிடக் குறைந்த எண் வேண்டவே வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியில் 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்த்தால் இதைக் காட்டிக் கேளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 94-இன்படி நான்கு சக்கர வண்டியின் டயர் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது.

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் 25-ஆம் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார் என்பதால், டயர் மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே கம்பெனி அளவில் மாற்றி, ஜிஎஸ்டி பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வைத்திருந்தவர் போட்ட பெரிய டயரோடு வண்டியை வாங்கியிருந்தாலும், இப்போது உரிமையாளர் நீங்கள்தான்; அதைச் சரிசெய்யும் பொறுப்பும் உங்களுடையது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான தொகையைத் தருவதில் அவர்கள் தகராறு செய்ய வாய்ப்புண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.