கீழே அடித்தால் மேலே போகும் பந்து

"கோல்ஃப் பழக ஆரம்பித்திருக்கிறேன். எவ்வளவு தூக்கி அடித்தாலும் பந்து தரையோடு உருண்டுபோகிறது. பெண்களுக்குக் கை பலம் போதாதா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கை பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. தூக்கப் பார்ப்பதுதான் கோளாறே.

கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது; எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது. விதி அப்படி. ஆக, தரையில் கிடக்கும் பந்தின் நடுவயிறு சுமார் 21 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. 7-ஆம் எண் ஐயன் என்பது சாய்ந்த உலோகத் தலை கொண்ட மட்டை; மட்டையைக் கிளப் என்பார்கள். அதன் கீழ் விளிம்பு புல்லை உரசிக்கொண்டு வந்தால், சாய்ந்த முகத்தில் பந்து சரியாக உட்காரும். அதே விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு மேலே வந்துவிட்டால், முகம் பந்தைத் தொடவே தொடாது. விளிம்பு நேராக வயிற்றில் இடிக்கும். பந்து உருளும்.

வலது கைக்காரர் ஒருவர் பந்தைத் தூக்க நினைக்கும்போது உடல் என்ன செய்கிறது என்று பாருங்கள். எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது, வலது தோள் தாழ்கிறது, இடது முழங்கை மடங்குகிறது. கிளப் போடும் வட்டத்தின் மிகத் தாழ்ந்த இடம், அதாவது அடிப்புள்ளி, பந்துக்குப் பின்னால் போய்விடுகிறது. அந்த இடத்தில் கிளப் மண்ணில் குத்தினால் பந்து நாலு அடி நகரும். குத்தாமல் தப்பினாலும், பந்தை அடையும் நேரத்தில் கிளப் ஏறிக்கொண்டிருக்கும். பந்தின் மண்டையில் தட்டும். பார்க்க இரண்டு தவறுகள் போலத் தெரியும், காரணம் ஒன்றுதான். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு இந்த அடிப்புள்ளி பந்தைத் தாண்டி ஏழெட்டு சென்டிமீட்டர் முன்னால் விழும். முதலில் பந்து, பிறகு புல்.

அப்படியானால் பந்தை மேலே அனுப்புவது யார்? முகத்தின் சாய்வு. அதை லாஃப்ட் என்பார்கள். கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய அரை மில்லிநொடி. அதற்குள் மணிக்கட்டால் எதையும் சொடுக்கிவிட முடியாது. மூளைக்குச் சேதி போவதற்குள் பந்து பறந்திருக்கும். அந்த அரை மில்லிநொடியில் பந்து நசுங்கி, சாய்ந்த முகத்தில் வழுக்கி, உராய்வில் பிடிபட்டு, பின்னோக்கிச் சுழலத் தொடங்குகிறது. முகத்தில் உள்ள கோடுகள் புல்லையும் ஈரத்தையும் ஒதுக்கி அந்தப் பிடியைக் காப்பாற்றுகின்றன. ஈரப் புல்லில் அடித்த பந்து சுழலாமல் வழுக்கி ஓடுவது இந்தப் பிடி போனதால்தான்.

விஷயமே இனிமேல்தான். லாஃப்ட் பந்தைக் கிளப்பிவிடும், அவ்வளவே. அதைக் காற்றில் தாங்குவது சுழற்சி. அமெரிக்காவின் எல்பிஜிஏ மகளிர் சுற்றில் ஆடுபவர் 7-ஆம் எண் ஐயனால் அடிக்கும் பந்து மணிக்கு சுமார் 167 கி.மீ. வேகத்தில், நிமிடத்துக்கு 6,700 முறை பின்சுழன்றபடி கிளம்புகிறது. கணக்குப் போட்டால் பந்தின் மேற்பரப்பு மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. உச்சியில் அந்த ஓட்டம் காற்று போகும் திசையிலேயே இருக்கிறது, அடியில் எதிர்த்திசையில். ஆக உச்சித் தோலுக்கும் காற்றுக்கும் உள்ள வேக வித்தியாசம் 113 கி.மீ., அடித் தோலுக்கு 221 கி.மீ. உச்சியில் காற்று தோலை ஒட்டியபடி பின்புறம் வரை வளைந்து போகிறது. அடியில் சீக்கிரமே பிய்ந்துவிடுகிறது. விளைவாக, பந்துக்குப் பின்னால் வரும் காற்றோட்டம் கீழ்நோக்கித் திரும்புகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ளத்தானே வேண்டும்? நியூட்டனின் மூன்றாம் விதி. மேக்னஸ் விளைவு என்பது இதுதான். "மேலே வேகம் அதிகம், அதனால் அழுத்தம் குறைவு" என்று பெர்னூலியின் பெயரைச் சொல்லி நகர்ந்துவிடும் விளக்கத்தில் தவறில்லை. ஆனால் காற்று ஏன் மேலே வேகமாகப் போகிறது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும்.

இதைக் கோல்ஃபில் முதலில் தீர ஆராய்ந்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டைட். பந்து அவ்வளவு நேரம் காற்றில் நிற்கப் பின்சுழற்சிதான் காரணம் என்று 1890-களில் கட்டுரைகள் எழுதினார். சுழற்சியை எண்ண அவர் கையாண்ட வழி அழகானது. பந்தில் ஒரு மெல்லிய நாடாவைக் கட்டி அடித்து, நாடா எத்தனை முறுக்கு ஏறியிருக்கிறது என்று எண்ணினார். அவருடைய மகன் ஃப்ரெடி டைட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். எந்தத் தொழிலுக்குப் பயன்படும் என்று கேட்காமல் ஒரு பேராசிரியரைப் பந்தோடு விளையாட விட்டதால் கிடைத்த அறிவு இது. நம் ஊர் ஆராய்ச்சி நிதிக் குழுவின் முன்னால் அந்த நாடாவோடு போய் நின்றால் என்ன பதில் வரும் என்று ஊகிக்கலாம்.

பந்தின் மேல் உள்ள குழிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மலாயா மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் வழவழவென்று பந்து செய்தார்கள். புதுப் பந்தைவிட அடிபட்டு வடுப்பட்ட பந்து நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்களே கண்டுகொண்டு, சுத்தியலால் கொத்தி ஆடத் தொடங்கினார்கள். வழவழப்பான பந்தில் காற்றின் எல்லைப்படலம், அதாவது தோலை ஒட்டி ஓடும் மெல்லிய காற்று, சீக்கிரம் பிய்ந்து பின்னால் அழுத்தம் குறைந்த பெரிய சுழல் உண்டாகும். கால் மில்லிமீட்டர் ஆழமே உள்ள குழிகள் அந்தப் படலத்தைக் கொந்தளிக்க வைக்கின்றன. கொந்தளிக்கும் படலம் தோலை விடாமல் ஒட்டிக்கொள்ளும், காற்றின் இழுவை ஏறக்குறைய பாதியாகும். வழுக்கைப் பந்துக்கு இந்த மாற்றம் நிகழ மணிக்கு 380 கி.மீ. அளவுக்கு வேகம் வேண்டும். குழிப் பந்துக்கு 100 கி.மீ.க்குக் கீழேயே நிகழ்ந்துவிடுகிறது. அதனால் மெதுவாக அடிப்பவருக்கும் குழிகளின் பலன் முழுதாகக் கிடைக்கும்.

கிடைக்காதது ஏற்றவிசை, அதாவது சுழற்சியால் பந்தை மேலே தள்ளும் விசை. அது வேகத்தையும் சுழற்சியையும் சேர்த்துப் பொறுத்தது; இரண்டும் பாதியானால் விசை கால்வாசி. எல்பிஜிஏ ஆட்டக்காரரின் டிரைவர் (மிகத் தூரம் அடிக்கும் கிளப்) தலை மணிக்கு சுமார் 150 கி.மீ. வேகத்தில் வருகிறது. அந்தப் பந்து கிளம்பிய புதிதில் ஏற்றவிசை அதன் எடையையே மிஞ்சும். புதிதாக ஆடும் பெண் பலருக்கும் தலை வேகம் 100 கி.மீ. சுற்றித்தான். அந்தப் பந்தை ஏற்றவிசை மட்டும் தாங்காது; அதைக் கிளப்பும் கோணத்தால் ஈடுகட்ட வேண்டும். 9 அல்லது 10 டிகிரி டிரைவர் வேகமானவர்களின் கருவி. உங்களுக்கு 12 முதல் 14 டிகிரி. தடித்த தலை கொண்ட 'வுட்' கிளப்புகளில் 15 டிகிரி 3-வுட்டைக் கடையிலேயே விட்டுவிடுங்கள், 21 டிகிரி சுற்றியுள்ள 7-வுட் அதைவிடத் தூரம் போகும். 3, 4, 5-ஆம் எண் ஐயன்களுக்குப் பதில், ஐயனும் வுட்டும் கலந்த ஹைப்ரிட்.

7-ஆம் எண் என்று பொறித்திருப்பதை நம்பவும் வேண்டாம். முன்பு 34 டிகிரி இருந்தது. இப்போது சில செட்டுகளில் 28, 29. எண்ணை மாற்றாமல் சாய்வைக் குறைத்து "தூரம் கூடுகிறது" என்று விற்கிறார்கள். டிகிரி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 14 கிளப் வரை விதி அனுமதித்தாலும் தொடக்கத்துக்கு ஏழே போதும்.

'பெண்கள் செட்' என்பது பெரும்பாலும் ஓர் அங்குலம் குட்டையான, இலகுவான கிராஃபைட் தண்டு. இளஞ்சிவப்பு சாயம் கூடுதல். நீளத்தைத் தீர்மானிப்பது உயரமும், மணிக்கட்டு தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதும்தான். பெண் என்பது அல்ல. ஐந்தடி எட்டங்குலப் பெண்ணுக்கு அந்தக் குட்டைக் கிளப் முதுகு வலியைத் தரும். நிற்கும்போது இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்தால் கைகள் மார்பில் நசுங்காமல் தாமாகத் தொங்கும். பெரிய மார்பு உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் சாய்வது நல்லது.

பயிற்சிக்கு ஒரு துண்டு போதும். மடித்து, பந்துக்கு 10 செ.மீ. பின்னால் போடுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். 7-ஆம் எண் ஐயனுக்குப் பந்து இரு கால்களுக்கும் நடுவில். முதலில் கிளப் இடுப்பு உயரம் வரை மட்டும். முடிக்கும்போது எடை முழுதும் இடது காலில், வலது குதிகால் மேலே. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்புறம் புள்ளி வைத்தால், முகத்தில் எங்கே பட்டது என்று மை காட்டும். கீழ் விளிம்பில் மை இருந்தால் இன்னும் தூக்குகிறீர்கள். டிரைவர் மட்டும் விதிவிலக்கு: பந்து டீ எனும் சிறு முளையின் மேல், இடது குதிகாலுக்கு நேராக, பாதிப் பந்து கிளப்பின் தலைக்கு மேலே தெரிய. அங்கே வட்டத்தின் அடிப்புள்ளி பந்துக்கு முன்பே கடந்துவிடுவதால் கிளப் சற்றே ஏறும்போது அடிக்கலாம். எல்பிஜிஏ ஆட்டக்காரர்கள் சராசரியாக 3 டிகிரி ஏற்றத்தில் அடிக்கிறார்கள்.

சக்தி தரும் காந்த வளையல்கள் கோல்ஃப் உலகில் நன்றாக விற்கின்றன. பந்துக்கு உங்கள் மணிக்கட்டில் இருப்பது தெரியாது. தூரம் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்பதும் அதே ரக நம்பிக்கைதான். தோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் அடிக்கும் தூரத்தில் பின்தங்கியிருந்தும் நான்காம் இடம் பிடித்தார். ஒரே ஒரு அடியில் பதக்கம் போனது. பந்தைப் போட வேண்டிய குழிக்கு அருகே ஆடும் சிற்றடிகள்தான் அவருடைய பலம். கற்பதையும் குழிக்கு அருகிலிருந்து தொடங்கி டிரைவரைக் கடைசியில் எடுப்பது இதனால்தான்.

டிரைவரால் 150 கஜம் அடிப்பவருக்கு 18 குழிகளும் சேர்த்து 3,500 முதல் 3,700 கஜம் பொருத்தம் என்பது 2011-ல் அமெரிக்க கோல்ஃப் அமைப்புகள் தந்த வழிகாட்டல். பல மைதானங்களில் பெண்களுக்கான சிவப்பு டீயிலிருந்தே (ஒவ்வொரு குழிக்கும் ஆட்டத்தைத் தொடங்கும் இடம்) 5,000 கஜம். ஆக, இரண்டு அடியில் கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) எட்ட வேண்டிய குழியில் மூன்று, நான்கு அடி ஆகிறது. பழகும் வரை சிவப்பு டீக்கும் முன்னால், கிரீனுக்கு 150 கஜம் என்று காட்டும் குறியிலிருந்தே தொடங்க அனுமதி கேளுங்கள். ஊட்டிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பந்து இன்னும் போகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் இழுவையோடு ஏற்றவிசையும் குறைவதால் மெதுவாக அடிப்பவருக்கு அந்த லாபம் சிறியது. அங்கேயும் லாஃப்ட் கூடிய கிளப்பையே எடுங்கள்.