ஃபெர்மிக்யூட்ஸ் கூடிப்போச்சாம் டாக்டர்!

மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, வண்ண வண்ணப் படங்களோடு பல பக்க அறிக்கையைத் தூக்கிக்கொண்டு சென்னை கிளினிக்குகளுக்கு வருவோர் உண்டு. அதில் ஃபெர்மிக்யூட்ஸ், பாக்டீராய்டீட்ஸ் என்ற இரண்டு குடல் பாக்டீரியா பிரிவுகளின் விகிதத்தைச் சிவப்பில் காட்டியிருந்தால் கலங்கிப்போகிறார்கள்.

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா உண்டு. மொத்தம் 200 கிராம் இருக்கும். பெரும்பாலானவை பெருங்குடலில்தான். அவற்றில் சுமார் 90 சதவீதம் இந்த இரண்டு பிரிவுகள். 2021இல் இவற்றுக்கு பேசில்லோட்டா, பாக்டீராய்டோட்டா என்று புதுப் பெயர் வந்தது. அறிக்கைக்கு அறிக்கை பெயர் மாறினால் புதுக் கிருமி என்று நினைக்க வேண்டாம்.

ஃபெர்மிக்யூட்ஸ் வில்லன் அல்ல. அதிலுள்ள ஃபீக்காலிபாக்டீரியம், ரோஸ்புரியா இரண்டும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் தருகின்றன. பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருளே அதுதான். தயிரின் லாக்டோபேசில்லஸும் இதே பிரிவு. ஆன்டிபயாடிக்குக்குப் பின் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் 'சி. டிஃபிசில்' கிருமியும் இதே பிரிவு! 'சென்னைக்காரர்' என்றதும் ஆள் எப்படி என்று தெரிந்துவிடுமா? விகிதத்தை வைத்து நோய் சொல்வதும் அப்படித்தான்.

பாக்டீராய்டீட்ஸில், தானியமும் பருப்பும் அதிகம் சாப்பிடுவோரிடம் ப்ரிவோடெல்லா தூக்கலாக இருக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் பிஃபிடோபாக்டீரியம் கோலோச்சும். அது ஆக்டினோபாக்டீரியா பிரிவு. ஈ.கோலை உள்ள புரோட்டியோபாக்டீரியா கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். லூஸ் மோஷனுக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால், மற்றவை அழிந்த இடத்தில் இது பெருகிவிடும். வைரஸால் வந்த பேதியை அந்த மாத்திரை தொடவும் தொடாது. முதலில் தேவை ஓ.ஆர்.எஸ்.

தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணம் (150 கிராம்) கொண்டைக்கடலைச் சுண்டலிலேயே சுமார் 11 கிராம் கிடைக்கும். ஆனால் ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். கடலையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். இரண்டு, மூன்று கரண்டியில் தொடங்கி மூன்று வாரத்தில் கிண்ணத்துக்கு வாருங்கள். இட்லி மாவில் நல்ல பாக்டீரியா இருந்தாலும் ஆவியில் செத்துவிடும். மோர்க்குழம்பும் அப்படியே, உயிரோடு வேண்டுமென்றால் கொதிக்காத மோர்தான்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி இருந்தால் இந்த அறிக்கைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அதற்குரியவை குடல் அழற்சியைக் காட்டும் மல கால்புரோடெக்டின் பரிசோதனை, தேவைப்பட்டால் பெருங்குடலைக் கேமராவால் பார்க்கும் கொலோனாஸ்கோப்பி.