ஹெட்டர் இடிக்குதா? சுத்தியல் எடுக்கிறதுக்கு முன்னாடி இன்ஜின் எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க

பழைய ஃபோர்டு மஸ்டாங் காருக்கு ஹெட்டர் (இன்ஜின்லேருந்து புகைய வெளிய கொண்டு போற வளைஞ்ச குழாய்க் கொத்து) வாங்கி பாதி மாட்டிட்டு, "இது தப்பான பீஸ் போல, ஷாக் டவர்ல (முன்பக்க ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் தாங்குற தகடுக் கூடு) இடிக்குது"ன்னு கொண்டு வர்றவங்க நிறைய பேரு. சில சமயம் நெஜமாவே தப்பான பீஸ்தான். ஆனா பெரும்பாலும் ஹெட்டர் சரியா இருக்கும், வண்டிதான் அம்பது வருஷத்துல இடம் மாறியிருக்கும்.

1964ல வந்த மஸ்டாங் ஃபால்கன்னு ஒரு சாதா ஃபேமிலி காரோட அடிக்கட்டுல செஞ்சது, முன்பக்க ஸ்பிரிங் சஸ்பென்ஷனோட மேல் ஆர்ம்க்கு மேல உக்காரும், அதனால ரெண்டு பக்கமும் ஷாக் டவர் இன்ஜினப் பாத்து துருத்திக்கிட்டு நிக்கும். ஆறு சிலிண்டருக்கு தாராளம், 289 வி8க்கு பரவால்ல (இந்த நம்பரெல்லாம் க்யூபிக் இன்ச்ல இன்ஜின் அளவு). 1967ல 390 இன்ஜினுக்காக வண்டியையே அகலமாக்குனாங்க, அப்பவும் அதுல பிளக் மாத்துறதுக்குள்ள விரல் தோல் போயிரும். இதுல பலபேர் கோட்ட விடுற இடம் 351 விண்ட்சர். பாக்க 302 மாதிரியேதான் இருக்கும், ஆனா பிளாக் உயரம் 8.2 இன்ச் இல்ல 9.5 இன்ச், வி ஷேப்ல உயரம் ஏறுனா ஹெட்டர் மாட்டுற சிலிண்டர் ஹெட் ரெண்டும் வெளிய தள்ளிப்போகும், 302க்குன்னு வளைச்ச குழாய் அங்க எப்படிங்க உக்காரும்? ஆர்டர் போடும்போது இன்ஜின், வருஷம், கியர்பாக்ஸ், பவர் ஸ்டீயரிங் உண்டா இல்லையா, நாலையும் சொல்லணும்.

சரியான பீஸ்தான், அப்பவும் இடிக்குதுன்னா மொதல்ல இன்ஜின் மவுண்டிங் பாருங்க. ரப்பர் அமுங்கி இன்ஜின் ஒரு பக்கம் அரை இன்ச் இறங்கியிருந்தா ஹெட்டரும் கூடவே இறங்கும். அடுத்து டவர். எடையத் தாங்கித் தாங்கி ரெண்டு டவரும் உள்பக்கமா சாஞ்சிரும், மேல குறுக்க போடுற மான்டே கார்லோ பார் ஓட்டையில சேரலைன்னா அதுதான் அறிகுறி. இத சரி பண்ணாம குழாய அடிச்சி நசுக்குறது, சுவர் சாஞ்சிருக்க கதவ இழைக்கிற கதைதான்.

அப்புறம், நின்னுக்கிட்டிருக்க வண்டியில விரல் நுழையுதுன்னு சந்தோஷப்படாதீங்க. ஆக்ஸிலேட்டர மிதிச்சா இன்ஜின் டிரைவர் பக்கம் (அமெரிக்க வண்டி, இடது பக்கம்) மேல எழும்பி வலது பக்கம் அமுங்கும். மவுண்டிங் கிழிஞ்சா என்ன ஆகும்னு அறுபதுகளோட ஷெவர்லே வண்டிகள்லயே பாத்தாச்சு, இன்ஜின் எழும்பி ஆக்ஸிலேட்டர் திறந்தபடியே மாட்டிக்கிச்சு, 1971 டிசம்பர்ல சுமார் 67 லட்சம் வண்டிய ரீகால் பண்ணாங்க. சூட்டுலயும் குழாய் நீளும், மீட்டர் நீள இரும்பு 500 டிகிரி ஏறுனா 6 மில்லிமீட்டர். அதனால அசையுற பாகம் எதுவா இருந்தாலும் அரை இன்ச் இடைவெளி விடுறது என் வழக்கம். அளக்குறதுக்கு பசங்க விளையாடுற களிமண் போதும், இடுக்குல ஒட்டி இன்ஜின ஆட்டிப் பாத்து அமுங்குன தடிமன அளந்துக்கலாம்.

ஸ்டீயரிங்க சக்கரம் தரையில இருக்கும்போது ஒரு தடவ, தொங்கும்போது ஒரு தடவ, ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. பவர் ஸ்டீயரிங் சிலிண்டர்ல இடிச்சா அத கீழ இறக்குற டிராப் பிராக்கெட் கெடைக்குது. கிளட்ச் லிங்கேஜ்ல (பெடல கிளட்சோட சேக்குற கம்பிகள்) இடிக்கிறது ரொம்ப சகஜம், கேபிள் கிளட்ச்க்கு மாறுனா இடம் கெடைக்கும், ஆனா செலவு. ஸ்டார்ட்டர் ஒட்டி குழாய் போனா சூடா இருக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாம அடம்பிடிக்கும், கியர் வச்ச சின்ன ஸ்டார்ட்டர் போட்டா ரெண்டு பிரச்சினையும் தீரும்.

நான் விட்டுக்கொடுக்காத இடம் பிரேக் லைன். ஈரம் ஏறுன டாட் 3 பிரேக் ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம், ஹெட்டர் அதவிட பல மடங்கு சூடு. கொதிச்சா பெடல் தரைக்குப் போயிரும். பிரேக் லைன், பெட்ரோல் லைன் ரெண்டையும் ஹெட்டர விட்டு தள்ளி கொண்டு போங்க, முடியலைன்னா இடையில தகடு வைங்க. ஸ்பார்க் பிளக் வயர் முனையில மாட்டுற உறை (பூட்) செராமிக்ல வந்திருக்கு, அத வாங்கிக்கோங்க.

இவ்வளவும் பண்ணி கடைசியா ஒரு குழாய் மட்டும் ஒட்டுதுன்னா சுத்தியல் எடுக்கலாம், தப்பில்ல. வண்டியிலிருந்து கழட்டி, அந்த இடத்த மட்டும் கேஸ் வெல்டிங் டார்ச்சுல செவக்க வச்சி, உருண்டைக் கம்பிய வச்சி மெதுவா அழுத்தி எடுங்க, சூடு பண்ணாம பச்சையா அடிச்சா விரியும். சின்ன பள்ளத்தால பவர் குறையுதுன்னு பயப்பட வேண்டாம், ஓட்டுறப்ப தெரியாது. கோட்டிங் போடுறதா இருந்தா இந்த வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு. சாதா இரும்பு ஹெட்டருக்கு துணி மாதிரி சுத்துற ராப் எனக்கு பிடிக்காது, ஈரத்த பிடிச்சு வச்சி உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்க வைக்கும்.

மாட்டி ரெண்டு மூணு தடவ நல்லா சூடாகி ஆறுனதும் போல்ட்ட எல்லாம் திரும்ப டைட் பண்ணுங்க, டைட் பண்ணும்போதே டார்ச் லைட் அடிச்சி டவர்லயும் கிராஸ் மெம்பர்லயும் (கீழ குறுக்க போற சட்டம்) புதுசா பளபளன்னு உரசுன தடம் இருக்கான்னு பாத்துருங்க.