வயிற்றில் பிள்ளை, நெஞ்சில் படபடப்பு: கர்ப்பகாலப் பதற்றம் யாருக்கு, ஏன் வருகிறது?

கர்ப்பிணி ஒருத்தி மாதப் பரிசோதனைக்குப் போனால் எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், சிறுநீரில் சர்க்கரை, ஆல்புமின் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் குழந்தையின் இதயத் துடிப்பையும் கேட்பார்கள். "ராத்திரி தூக்கம் வருதாம்மா? மனசு எப்படி இருக்கு?" என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை.

இது கேட்க வேண்டிய கேள்வி. 34 நாடுகளில் நடந்த 102 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று 2017இல் வெளியானது. சுமார் 2.2 லட்சம் பெண்களின் கணக்கு அது. முதல் மூன்று மாதங்களில் 18 சதவீதப் பெண்களுக்குப் பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. கடைசி மூன்று மாதங்களில் அது ஏறக்குறைய 25 சதவீதம். நோய் என்றே கண்டறியும் அளவுக்குப் பதற்றக் கோளாறு இருந்தவர்கள் 15 சதவீதம். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போது ஓரளவு பேசுகிறோம். பிரசவத்துக்கு முன்பே வரும் இந்தப் பதற்றத்தை "மாசமா இருக்கா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

கவலை வருவது இயல்புதான். ஸ்கேன் நாள் நெருங்கும்போது பயம் வராத தாய் குறைவு. ஸ்கேன் நல்லபடியாக வந்த பிறகும் பயம் இறங்காமல் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கம், சாப்பாடு, அன்றாட வேலை எல்லாவற்றையும் கெடுக்கத் தொடங்கினால்தான் அது சிகிச்சை தேவைப்படும் பதற்றம்.

சரி, ஒருவருக்கு வருவது இன்னொருவருக்கு ஏன் வருவதில்லை?

முதலில் உடம்பு. கர்ப்பத்தில் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தத்தின் அளவு 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சை ஆழமாக்குவதால் லேசாக மூச்சு வாங்குவது போலவே இருக்கும். நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், தலைச்சுற்றல் என்று கர்ப்பம் இயல்பாகவே கொண்டுவரும் மாற்றங்கள் பலவும் பதற்றத்தின் அறிகுறிகளைப் போலவே இருக்கின்றன. முன்பே பதற்றக் கோளாறு இருந்த பெண்ணின் மூளை இவற்றை ஆபத்தின் அடையாளமாகப் படித்துவிடுகிறது. பயந்தால் துடிப்பு இன்னும் கூடும். கூடிய துடிப்பு பயத்தைக் கூட்டும். ரத்தசோகையும் தைராய்டு அதிகமாகச் சுரப்பதும்கூட இதே படபடப்பைத் தரும் என்பதால், மனசு என்று முடிவு கட்டும் முன் அந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் ஹார்மோன் கணக்கு. நமக்கு நெருக்கடி வரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சிஆர்எச் என்ற ஹார்மோனை விடுகிறது; அதன் தொடர்ச்சியாக அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோலைச் சுரக்கிறது. கார்ட்டிசோல் போதுமான அளவு வந்ததும் மூளை சிஆர்எச்சை நிறுத்திவிடும். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுபோகிறதே, அதே ஏற்பாடுதான். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியும் சிஆர்எச்சைச் சுரக்கிறது. அங்கே இந்த நிறுத்தம் இல்லை. கார்ட்டிசோல் கூடக்கூட நஞ்சுக்கொடி இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. கடைசி மாதங்களில் தாயின் ரத்தத்தில் கார்ட்டிசோல் வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்காவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது. எல்லோருக்கும் பதற்ற நோய் வருவதில்லை. எனவே ஹார்மோனை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது.

ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் காரணங்கள் வேறு: முன்பே இருந்த மனநலச் சிக்கல், சிறுவயதில் பட்ட கொடுமை, கணவன் கையால் அடி, திட்டமிடாத கர்ப்பம், கர்ப்பத்தில் வந்த சிக்கல்கள், பண நெருக்கடி, ஆதரவுக்கு ஆள் இல்லாமை. இவற்றுள் நாம் மிகவும் குறைத்து மதிப்பிடுவது, முன்பு ஒரு குழந்தையை இழந்திருப்பது. கருச்சிதைவுக்குப் பிறகு "அடுத்தது பிறந்தால் எல்லாம் மறந்துபோகும்" என்று ஆறுதல் சொல்வது நம் வழக்கம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991–92இல் பிரசவம் எதிர்பார்த்திருந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வில், 13,000க்கும் மேற்பட்ட தாய்மார்களின் தரவு இதற்காகவே அலசப்பட்டது. இழப்பைச் சந்தித்த பெண்களுக்குப் பதற்றமும் சோர்வும் கூடுதலாக இருந்தன. ஆரோக்கியமான குழந்தை பிறந்த பின்னும் அது விலகவில்லை. போன முறை எந்த வாரத்தில் இழந்தாளோ அந்த வாரத்தை நெருங்கும்போது அவள் தவிப்பதில் வியப்பு என்ன இருக்கிறது?

நம் ஊர்த் தரவுக்கு வருவோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த பெண்களைப் பார்த்து, பிரசவத்துக்குப் பிறகும் சந்தித்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வு மனச்சோர்வைப் பற்றியது. ஆனாலும் சோர்வும் பதற்றமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் அதன் முடிவுகள் இங்கும் பொருந்துகின்றன. புதிதாகச் சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். யார் அவர்கள் என்று பார்த்தால்: வருமானம் குறைந்தவர்கள், பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பெற்றவர்கள், மாமியாரோடோ பெற்றோரோடோ உறவு சரியில்லாதவர்கள், கர்ப்பத்தின்போது வாழ்க்கையில் பெரிய சோதனை ஏதாவது நேர்ந்தவர்கள், வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதவர்கள்.

இந்தப் பட்டியலில் கடைசியாக உள்ளதை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். கைகொடுப்பது என்றால் தண்ணீர்க் குடம் தூக்குவது, சமைப்பது, மூத்த குழந்தையைப் பள்ளியில் விடுவது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் இந்த உதவியைத்தான் தருகிறது. வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்தவள், அம்மா இல்லாதவள், வேலைக்காக ஊர்விட்டு ஊர் போய்த் தனியாக இருப்பவள் ஆகியோருக்கு அந்த வாசல் இல்லை. ஒரு காரணம் இருந்தாலே நோய் வந்துவிடும் என்றில்லை. கடன், இழப்பு, அடி என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும்போதுதான் தாங்கும் சக்தி குறைகிறது. அதேபோல, பக்கத்தில் நம்பிக்கையான ஒரே ஒரு ஆள் இருந்தாலும் மற்ற சுமைகளின் தாக்கம் குறைகிறது.

"நீ கவலைப்பட்டால் குழந்தைக்கு ஆகாது" என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். கர்ப்பத்தில் மிக அதிகப் பதற்றம் இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பின்னாளில் நடத்தை, மனநிலைச் சிக்கல்கள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அதே பிரிஸ்டல் ஆய்வு காட்டியது உண்மை. அவர்களிலும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, தாயின் கார்ட்டிசோலில் பெரும்பகுதியைச் செயலற்றதாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறது. பயந்துகொண்டிருப்பவளிடம் பயமே குற்றம் என்று சொன்னால் கவலைப்பட இன்னொரு விஷயம் கிடைக்கும், அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. கடந்த இரண்டு வாரங்களில் பதற்றமாக, நிலைகொள்ளாமல் எத்தனை நாள் இருந்தது? கவலையை நிறுத்த முடியாமல் எத்தனை நாள் தவித்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் "ஒண்ணும் இல்லை மேடம்" என்ற பதில்தான் வரும். அடி உதை பற்றிய கேள்விக்கு இது இன்னும் பொருந்தும். அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

சிகிச்சை பலன் தருகிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஓர் அரசு மருத்துவமனையில் பதற்ற அறிகுறி இருந்த கர்ப்பிணிகளுக்கு, உளவியல் பட்டம் பெற்ற, சிகிச்சை அனுபவம் இல்லாத இளம்பெண்களைக் கொண்டே எண்ணங்களைச் சீர்செய்யும் பேச்சுப் பயிற்சி தரப்பட்டது. பிரசவத்துக்கு ஆறு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்குக் கணிசமான பதற்றம் இருந்தது. பயிற்சி பெற்றவர்களில் 9 சதவீதம்தான். முடிவுகள் 2024இல் வெளியாயின. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு ஒரு காரணம். மாற்றுவதா, குறைப்பதா, தொடர்வதா என்பதை மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். உடனே மருத்துவரைப் பார்க்க வழியில்லாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.